கேட்க முடியாதவரின் குளிர்

வன்னி வெயிலில் ஒருவர் போர்வை கேட்டால் நாம் சிரிப்போம். ஆனால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சத்திரசிகிச்சைக்குச் செல்பவரின் உடல், அந்த வெயில் நாளிலும் குளிர்ந்துபோகக் கூடும்.

விழித்திருக்கும் ஒருவருக்குக் குளிர்ந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கும். உள்ளிருக்கும் சூட்டைக் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. முழு மயக்க மருந்து இந்தக் காவலை நிறுத்திவிடுகின்றது. குழாய்கள் விரிய, நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள சூடு கைகால்களுக்குப் பரவிவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளுடலின் வெப்பம் 1 முதல் 1.5 பாகை செல்சியஸ் வரை இறங்கலாம். குளிரூட்டிய அறையும் சூடேற்றாத சேலைனும் அதை இன்னும் இறக்கும்.

இதனால் என்ன கேடு? 1996இல் வெளியான ஓர் ஆய்வு பெருங்குடல் சத்திரசிகிச்சை பெற்ற 200 பேரைக் கவனித்தது. சூடு காக்கப்பட்டவர்களில் 6 வீதத்தினருக்கும், குளிர்ந்துபோனவர்களில் 19 வீதத்தினருக்கும் காயத்தில் கிருமி தொற்றியது. 5,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலோ, 35.5 பாகையில் இருந்தவர்களைவிட 37 பாகையில் வைக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. ஆகவே வேண்டியது ஆடம்பரமன்று. அளவுக்கு மீறிக் குளிராமல் பார்க்கும் கவனமே.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. மயங்கிக் கிடப்பவர் “குளிருது” என்று சொல்லமாட்டார். விழித்த பின்னர் அவருக்கு அது நினைவிலும் இராது. தெரியாத குளிருக்காக அவருக்கு நாம் கடமைப்பட்டவர்களா? ஆம் என்பதே பதில். நடுங்கித் தம்மைக் காத்துக்கொள்ளும் வல்லமையை அவரிடமிருந்து எடுத்தவர்கள் நாமே. அப்படியானால் அந்தக் காவலை அவருக்குப் பதிலாகச் செய்யும் பொறுப்பும் நம்முடையதே. முறையிட யாருமில்லை என்பதால் கடன் குறைந்துவிடாது.

“உயிர் தப்பினால் காணும்” என்று நம்மவர் சொல்வதுண்டு. அந்தச் சொல்லுக்குக் காரணமும் உண்டு. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காகி, நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மயக்க மருந்துக்கே பஞ்சமான அந்நாளில் போர்வையைப் பற்றி யார் பேசியிருப்பார்? இல்லாதபோது செய்யாதது குற்றமாகாது. போர்வை இருந்தும் போர்த்தாமல் விடுவதற்கு அந்த நாட்களைச் சாட்டாகக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டில் ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் செல்லும்போது, கூடத்தின் வாசல்வரை அவரைப் போர்த்தியே வைத்திருங்கள். உடல் வெப்பத்தை அளப்பார்களா, சூடாக வைத்திருப்பார்களா என்று வைத்தியரிடமோ தாதியிடமோ பணிவாகக் கேளுங்கள். கேட்பது குறை கூறுவதாகாது. ஆனால் மயக்கம் தெளியாதவரின் காலடியில் நீங்களாகச் சுடுநீர்ப் போத்தல் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்நேரம் அவருக்காக உணர வேண்டியவர்கள் அருகில் நிற்பவர்களே.