பசிக்கு ஊர் உண்டோ?

திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் வடமாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். 2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கிற்று, கூலி நின்றது. தமிழக அரசு அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்க்கு ரூ.1000-உம் அரிசியும் அளித்தது. புலம்பெயர்ந்தோர் பலரின் அட்டையோ சொந்த ஊரில் இருந்தது; அவர்க்கெனத் தனி அறிவிப்புகள் வேண்டியிருந்தன. அட்டையில்லாதோர்க்கும் மாதம் 5 கிலோ தானியம் என மத்திய அரசு அறிவித்தது மே 14-இல். 50 நாள் கழிந்தபின்.

ஒருவரே இருமுறை பெறாதிருக்க அட்டை வேண்டும் என்பர், நியாயமே. ஆயினும், தகாதவர்க்கு ஒருபடி அரிசி சென்றால் பொருள் நட்டம். பசித்தவர்க்கு மறுக்கப்பட்டால் உயிர் நட்டம். முன்னது பிழை, பின்னது இம்சை.

அடையாள அட்டையை வற்புறுத்தாது உணவுப்பொருள் வழங்க 2021 மே 13-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நம் ஆகாரதானமும் அவ்வாறே அமைக: முதலில் உணவு, பிறகே ஊர்ப்பெயர்.