எவருக்கு, எவ்வளவு?

பொட்டாசியம் குளோரைடு ஒரு வெள்ளை உப்பு. வாந்தியும் பேதியுமாகத் துவண்டவருக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அது இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் பாக்கெட்டிலும் இருக்கிறது. 1982 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் முதன்முதலாக விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றியபோது, இதயத்தை நிறுத்தப் பயன்பட்டதும் இதே உப்புதான்.

நன்மை எங்கே இருக்கிறது என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. பொருளிலா, கொடுப்பவர் மனத்திலா, வாங்கிக்கொள்கிறவரின் நிலையிலா? பொட்டாசியத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால், இது ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளே இருக்கிறது. ரத்தத்தில் சுற்றுவது சொற்பம்: லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. இந்த ஏற்பாட்டைக் காப்பது செல்களின் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு. இதை 1957இல் விளக்கிய டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. இதயம் சீராகத் துடிப்பது இந்த உள்–வெளி வித்தியாசத்தை நம்பித்தான். ரத்தத்தில் அளவு குறைந்தாலும் துடிப்பு தடுமாறும், மிகுந்தாலும் தடுமாறும். மிகும்போது பல சமயம் எந்த அறிகுறியும் தெரியாது. ஈ.சி.ஜி. எடுக்கும்போதோ ரத்தப் பரிசோதனையிலோதான் விஷயம் வெளியே வரும். தேவைக்கு மேல் சேர்வதில் பெரும்பகுதியை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. எனவே பாதுகாப்பான அளவு என்று மாத்திரை அட்டையில் ஒரு எண்ணை எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டுவிட முடியாது. விழுங்குகிறவரின் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அது முடிவாகும்.

அரிஸ்டாட்டில் ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் வாதிட்டார். நற்பண்பு இரண்டு எல்லைகளுக்கு நடுவே இருக்கிறது என்ற அவர், அந்த நடு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார். பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு பங்கு கொடுத்துவிட மாட்டார். மாபெரும் மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கோ அதிகம். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் அளவு மிஞ்சுவதையும் குறைவதையும் நோய்க்குக் காரணமாகச் சேர்த்தே பேசுகிறது.

பெரியவர்கள் நாளொன்றுக்கு 3,510 மில்லிகிராம் பொட்டாசியமாவது உணவின் வழியாகப் பெற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாழைப்பழம், கீரை, பருப்பு, இளநீர் எல்லாம் அதற்கு உதவும். ஓர் இளநீரிலேயே ஏறக்குறைய 500 மில்லிகிராம் இருக்கும். சிறுநீரகம் சீராக இயங்குகிறவருக்கு இது நல்ல உணவு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத உணவு.

இங்கேதான் அன்பு சிக்கலுக்குள் மாட்டிக்கொள்கிறது. கெண்டைக்கால் பிடிப்பு என்று அப்பா சொன்னதும் மகன் சத்து மாத்திரை வாங்கி வருகிறான். பக்கத்து வீட்டு அக்கா, தனக்கு எழுதிக் கொடுத்த பொட்டாசியம் சிரப்பில் மீதியைத் தருகிறார். அப்பாவோ பிரஷருக்கு டெல்மிசார்டனும் காலில் நீர் வடிய ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுகிறவர். இரண்டுமே பொட்டாசியத்தை உடலில் தேக்கும். வீட்டில் எல்லோரும் ‘நீர் மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொல்லும் மருந்துகளில் ஃப்யூரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும், ஸ்பைரனோலாக்டோன் அதைத் தேக்கும். முதல் மருந்து சாப்பிடும் அக்காவுக்குத் தேவைப்பட்ட சிரப், இரண்டாவது மருந்து சாப்பிடும் அப்பாவின் இதயத்துக்கு ஆபத்து.

நிபந்தனையின்றி நல்லதென்று சொல்லத்தக்கது நல்லெண்ணம் ஒன்றே என்று 1785இல் எழுதினார் தத்துவஞானி இமானுவேல் கான்ட். அக்காவின் எண்ணத்தில் குறையில்லை, மகனின் எண்ணத்திலும் குறையில்லை. பிறகு ஏன் இந்த ஆபத்து? கான்ட்டே இதற்கு வழி காட்டியிருக்கிறார். நல்லெண்ணம் என்பது வெறும் ஆசையல்ல, நம் வசமுள்ள எல்லா வழிகளையும் திரட்டிக்கொண்டு செயலில் இறங்குவது என்று அவர் விளக்கினார். விசாரிப்பதும் அப்படி நம் வசமுள்ள ஒரு வழிதான். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்காமல் நீட்டப்படும் மாத்திரையில் பாசம் நிறைய இருக்கலாம். ஆனால் கான்ட் சொன்ன பொருளில் நல்லெண்ணம் அங்கே முழுமையடையவில்லை.

சமயங்களும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ரமலான் நோன்பைக் கடமையாக்கிய குர்ஆனின் அதே பகுதி, நோயாளிகள் வேறு நாட்களில் அதை ஈடுசெய்ய அனுமதிக்கிறது. நோற்கவே இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்கிறது. பழனி பஞ்சாமிர்தம் வாழைப்பழமும் பேரீச்சையும் சேர்ந்தது, இரண்டுமே பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரக நோயாளியான பக்தர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாக்கில் ஒரு துளி வைத்துக்கொண்டு, மீதியைப் பகிர்ந்தளித்தால் பக்தியில் என்ன குறைந்துவிடும்? பிரசாதத்துக்கு அருள் உண்டு என்று நம்புகிறவர், அந்த அருள் கரண்டிக் கணக்கில் வருவதாக நினைக்கத் தேவையில்லை.

மருத்துவரே எழுதிக் கொடுத்த பிறகும் சாப்பிடும் முறை முக்கியம். வழக்கமான சிரப்பில் 15 மில்லிலிட்டருக்கு 20 மில்லிஈக்விவலன்ட், அதாவது சுமார் 780 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதை அப்படியே குடித்தால் வயிறு எரியும். சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரில் நன்றாகக் கலந்து, மெதுவாகக் குடிக்க வேண்டும். மெல்லக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுத்துவிடக் கூடாது. சோடியம் குறைந்த உப்பையும் கூடவே சேர்த்தால் கணக்கு மிஞ்சும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. உடல் தளர்ந்து, நெஞ்சு படபடத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடுவழி எது என்பதை விவேகி தீர்மானிப்பார் என்று அரிஸ்டாட்டில் விட்டுவைத்தார். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை அந்த விவேகத்துக்குத் துணையாக இன்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு என்று நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தும் சத்துப் பவுடரும் உப்புப் பாக்கெட்டும் அந்தப் பையில் இருக்கட்டும்.