தொப்பியில் ஓர் இறகு

அலங்காரம் பொய் சொல்லுமா? முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய 'லைட் ஹார்ஸ்' படையினர் அணிந்த தொப்பியை முன்வைத்து இதை யோசிக்கிறேன். ஒருபக்க விளிம்பை மேலே மடித்த அகலத் தொப்பி. அதில் செருகிய ஈமு இறகுகள். அணிந்தவர்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள். வெளிநாட்டுப் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பதை அந்நாட்டு மக்கள் 1916லும் 1917லும் வாக்களித்து நிராகரித்தார்கள்.

இறகின் பூர்வீகம் வேறு. 1891ல் குவீன்ஸ்லாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காலனி அரசு படையை அனுப்பியது. அதில் போன குதிரை வீரர்கள் ஈமுக்களைத் துரத்தி இறகு பிடுங்கித் தொப்பியில் செருகிக்கொண்டார்கள் என்பது படையின் மரபுக் கதை. தொழிலாளிக்கு எதிராகப் புறப்பட்டவர்களின் விளையாட்டு, இருபத்து நான்கு ஆண்டுகளில் தியாகத்தின் சின்னமாயிற்று. 1915 ஆகஸ்ட் 7 அன்று கலிப்பொலியில், நெக் என்ற குறுகிய மேட்டில், இதே லைட் ஹார்ஸ் வீரர்கள் குதிரையின்றி வரிசை வரிசையாக எழுந்து ஓடினார்கள். முன் வரிசை விழுந்ததைக் கண்ட பிறகும் அடுத்த வரிசை எழுந்தது. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

இந்த மரணம் இறகைக் கழுவிவிடுகிறதா? ஆம் என்பது அரசின் பதில். கறை போகாது என்பது எதிராளியின் பதில். இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. இரண்டுமே மனிதன் ஏற்க வேண்டிய பொறுப்பைப் பொருளின் தலையில் கட்டுகின்றன.

நம் புறத்திணையில் ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி, எதிர்நின்று பொருதுகிறவனுக்குத் தும்பை. செயல் மாறினால் பூ மாறும். பூ வாடியும் போகும். இறகு வாடுவதில்லை. ஆகவே ஒரு செயலின் கௌரவத்தை அது இன்னொரு செயலுக்குக் கடன் கொடுக்கிறது. நெக்கில் செத்தவனின் துணிவு, 1891க்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தாமாக வந்தவன் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். அவன் சம்மதித்தது ஒரு முறை. அதன்பின் அவனுக்கு இருந்தது உத்தரவு மட்டுமே. ஆனால் தொப்பி, அவன் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சம்மதிப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அலங்காரத்தின் பொய் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

1932ல் மேற்கு ஆஸ்திரேலியாவில், போரிலிருந்து திரும்பி நிலம் பெற்றவர்களின் கோதுமையை ஈமுக்கள் அழித்தன. அரசு இயந்திரத் துப்பாக்கிகளோடு படையை அனுப்பியது. நூறு தோல்கள் கொண்டுவர உத்தரவு, இறகுகள் குதிரைப்படைத் தொப்பிகளுக்கு என்று அன்றைய பத்திரிகைச் செய்தி ஒன்று சொன்னது. ஈமுவோ அதற்கு முன்பே தேசிய இலச்சினையில் ஏறிவிட்ட பறவை.

அணிந்தவர்கள் மட்டும் இந்த மயக்கத்தில் முழுதாக விழவில்லை போலும். என்ன இறகு என்று கேட்டவர்களிடம் 'கங்காரு இறகு' என்று கேலியாகச் சொல்வார்களாம்.

இறந்தவனுக்குத் தலை வணங்கலாம். அவன் தொப்பிக்கு வணங்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத இடத்தில்தான் அடுத்த போருக்கு ஆள் சேர்கிறது.