நூறு கிராம்

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட். சாயங்காலம், கொழுந்து நிறுக்கும் நேரம். மூட்டையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் தராசு மேலேயே. மேஸ்திரி எடையைச் சொல்லிவிட்டு, "மழை ஈரம், ரெண்டு கிலோ கழிவு" என்று நோட்டில் எழுதுகிறார்.

பக்கத்தில் நின்ற வயதான அம்மாவிடம், "இப்படிக் கழிக்கிறாங்களே, கோபம் வராதா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குக் கழிக்கட்டும் தம்பி. இலைக்குக் கழிச்சாத்தான் வயிறு எரியும்" என்றார்.

எனக்குச் சட்டென்று வினேஷ் போகட் ஞாபகம் வந்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். பெண்கள் 50 கிலோ மல்யுத்தம். எதிரே ஜப்பானின் யுய் சுசாகி. சர்வதேசப் போட்டிகளில் 82 முறை மோதி, ஒரு முறைகூடத் தோற்காதவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். அவரைக் கடைசி சில விநாடிகளில் மடக்கி, 3-2 என்று ஜெயித்தார் வினேஷ். அன்றே இன்னும் இரண்டு பேரை வென்று ஃபைனலுக்கும் போனார். வெள்ளியாவது நிச்சயம்!

மறுநாள் காலை மீண்டும் எடை. ராத்திரி முழுக்க ஓடியும், வியர்க்க வைத்தும், முடியை வெட்டியும் 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம். வெள்ளியும் கிடையாது, கடைசி இடம்!

'100 கிராம்தானே, விட்டிருக்கலாம்' என்று நாமெல்லாம் கொதித்தோம். நான் அந்தக் கட்சி இல்லை. 100-ஐ விட்டால் 200-ஐ ஏன் விடக்கூடாது? பட்டினி கிடந்து சரியான எடையில் வந்து நிற்கிற இன்னொரு பெண்ணுக்கு என்ன பதில்? கோடு என்றால் கோடுதான்.

என் கேள்வி வேறு. முதல் நாள் காலை எடை சரியாகத்தானே இருந்தது? அன்று பெற்ற வெற்றிகளை மறுநாள் தராசு எப்படி அழிக்க முடியும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபைனலுக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்காக இன்னொரு வாய்ப்பு தருவது மல்யுத்த வழக்கம். வினேஷிடம் தோற்ற சுசாகிக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. ஜெயித்து வெண்கலமும் வாங்கினார். நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்... சுசாகிக்கு வாய்ப்பு தரும்போது வினேஷின் வெற்றி செல்லுபடியாகிறது. வினேஷுக்கு மெடல் தரும்போது மட்டும் செல்லாது!

விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் ஆகஸ்ட் 14-ல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. வினேஷ் எந்தத் தப்பும் செய்யவில்லை, விளைவு மிகக் கடுமையானது என்று தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டது. ஆனாலும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றது.

எல்லோருக்கும் ஒன்று என்பதாலேயே ஒரு விதி நியாயமாகிவிடுமா? எல்லோரையும் ஒரே மாதிரி மிதித்தால் அது சமத்துவம், நீதி இல்லை. கோடு கறாராக இருக்கட்டும். தண்டனை, தவறின் அளவுக்கு இருக்க வேண்டாமா? சாயங்கால மூட்டையில் ஈரம் என்பதற்காக, காலையில் நிறுத்த கொழுந்தை எந்த மேஸ்திரியும் ஓடையில் கொட்டுவதில்லை.

நம் எல்லார் கையிலும் ஒரு தராசு இருக்கிறது சார். வீட்டில், ஆபீஸில். பத்து வருஷம் ஒழுங்காக உழைத்தவர் ஒருநாள் சறுக்கும்போது அதைத் தூக்குகிறோம். தூக்குங்கள், தப்பில்லை. தண்ணிக்குக் கழிக்கிறோமா, இலைக்குக் கழிக்கிறோமா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.