கேளாத கேள்விக்கு வரும் விடை



கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் அண்மையில் நம்மிடம் வந்தார். மகனுக்குப் பெண் பேசி முடிந்துவிட்டதாம். "சுவாமி, பெண்ணின் இரத்தத்தைக் கொடுத்து, பரம்பரை வியாதி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாமாம். கேட்டால் பிழையோ?" என்றார்.

பார்க்கத்தான் முடிகிறது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு சிறு பூண்டின் 45 பரம்பரையலகுகளைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாகப் பதித்தார்கள். ஒளிரும் சாயமேற்றிய மாதிரியை அதன்மேல் இட்டால், ஒவ்வோர் இழையும் தன் சோடியைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் புள்ளிகளைப் பார்த்து, எந்தப் பரம்பரையலகு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். இன்றைய கருவிகளோ மனிதனின் சுமார் 20,000 பரம்பரையலகுகளையும் ஒரே மாதிரியிலிருந்து வாசித்துவிடுகின்றன. நாம் கேட்டது ஒன்றாயிருக்க, கேளாதவற்றுக்கும் விடை வந்து நிற்கிறது.

கேட்க வேண்டியதும் உண்டு. தலசீமியா நம் நாட்டில் அரிய நோயன்று; குருநாகலில் அதற்கென ஒரு நிலையமே இயங்குகிறது. தாய் தந்தை இருவரும் அதன் காவிகளாயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கடுமையாக வந்தால், பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டும். காவியா என்றறியச் சாதாரண இரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். அதைக் கேளுங்கள், ஆனால் இரு வீட்டாரும் கொடுங்கள். "மகனின் இரத்தத்தையும் கொடுப்பீர்களா அம்மா?" என்றோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை.

ஆலயத்தில் திருமண அறிக்கை வாசிக்கும்போது, தடை ஏதும் அறிந்தவர் சொல்ல வேண்டுமென்கிறோம். மணமக்களின் குறைகளையெல்லாம் சொல்லுங்கள் என்பதில்லை. இங்கும் அவ்வெல்லை வேண்டும் என்பதே நமது எண்ணம்.

இன்னொன்று. இந்த ஆய்வுகளுக்கு ஆதாரமான தகவல்களிற் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தவரிடம் திரட்டியவை. 2015இல் நிறைவுற்ற 'ஆயிரம் மரபணுத் தொகுதிகள்' திட்டத்தில் 26 இனக் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரை ஆராய்ந்தார்கள். பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் அதிலொரு குழு; ஆனால் ஏறத்தாழ நூறு பேரே. ஆகவே, நம்மவர் அறிக்கையில் 'பொருள் விளங்காத மாற்றம்' என்று வருவது அதிகம். வைத்தியருக்கே விளங்காத அந்த வரி சம்பந்தி வீட்டில் தீர்ப்பாகிவிடும். நல்ல சம்பந்தமொன்று அதனால் முறிந்தால் யார் பொறுப்பு?

அந்தப் பெண்ணே தானாகச் சோதித்து, மார்புப் புற்றுநோய்க்கு ஏதுவான மாற்றம் தன்னிடம் இருப்பதை அறிந்தால்? உடன்பிறந்த சகோதரிக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு; முற்காப்புக்கும் வழியுண்டு. சகோதரிக்கு மறைப்பது பிழை. கணவனாகப் போகிறவனுக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் வாயால், அவள் தெரிந்தெடுத்த வேளையில். மாமியார் கையில் ஆய்வுகூடத்துக் கடித உறையாக அது போய்ச் சேரலாகாது.

அந்தத் தாய் எழுந்து போகும்போது, முதலில் மகனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.