பந்தியும் பீடமும்

ஒரு சமூகம் தன் பெண்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை, அது அவர்கள் மீது சொரியும் புகழ்மொழிகளைக் கொண்டு அறிய முடியாது. எந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கின்றது, எந்த உரிமையை அவர்களுக்கு மறுக்கின்றது என்பதைக் கொண்டே அறிய வேண்டும். கிறிஸ்தவத் திருச்சபைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தாயென்றும் கன்னியென்றும் பெண்மையைப் போற்றும் அச்சபையில், பெண் பீடத்தில் நிற்கலாமா என்ற வினா எழுந்தவுடன் பல குரல்கள் அடங்கிவிடுகின்றன. இது சமயிகளின் உட்பூசல் என்று நாம் ஒதுங்கிவிடல் ஆகாது. உழைப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை வேறொருவரிடமும் வைக்கும் ஏற்பாடு எங்கிருந்தாலும், அது நம் ஆராய்ச்சிக்கு உரியதே.

இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தை விவிலியத்திலேயே காணலாம். எருசலேமின் ஆதிச்சபையில் நாள்தோறும் உணவு பகிரப்பட்டபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்கள். முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் வார்த்தையைப் போதிக்கும் பணியைத் தமக்கென வைத்துக்கொண்டு, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். சொல்லுக்கு ஒரு கூட்டம், சோற்றுக்கு ஒரு கூட்டம் என்ற வேலைப் பிரிவினை இவ்வாறு பிறந்தது.

ஆனால் அடுத்து நிகழ்ந்தது யாது? பந்திக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நீண்ட உரை நிகழ்த்தினான். அதற்காகக் கல்லெறியுண்டு மாண்டான். அவன் தோழன் பிலிப்பு சமாரியாவில் போதித்தான். 'உன் வேலை பரிமாறுவதல்லவா, பேசுவதற்கு நீ யார்?' என்று இவர்களை எவரும் தடுக்கவில்லை. ஆணுக்கு அந்தப் பிரிவினை ஒரு வேலியாகக்கூட இருக்கவில்லை. பெண்ணுக்கோ அது மதிலாயிற்று. இத்தனைக்கும், தீர்க்கதரிசனம் உரைத்த நான்கு பெண்களை அந்தப் பிலிப்புவின் புதல்வியராக அதே நூல் குறிப்பிடுகின்றது.

மதிலை எழுப்பியதில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. கெங்கிரேயாவின் சபையில் பணி செய்த பெபேயாளைப் பவுல் உரோமருக்கு அறிமுகம் செய்கையில் 'தியாக்கொனொஸ்' என்ற கிரேக்கச் சொல்லை வழங்குகிறார். தம்மையும் அப்பொல்லோவையும் குறிக்க அவர் வழங்குவதும் இச்சொல்லே. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமோ பவுலை 'மினிஸ்டர்' ஆக்கியது. பிலிப்பி நகரத்தாரை 'டீக்கன்' ஆக்கியது. பெபேயாளை மட்டும் 'சேர்வன்ற்' ஆக்கியது. ஒரே சொல் ஆணிடம் பதவியாகவும் பெண்ணிடம் ஏவலாகவும் பொருள் மாறியது!

பெண்கள் சபையில் மௌனமாயிருக்க வேண்டும் என்ற கட்டளையும் விவிலியத்தில் உண்டே என்பர். உண்டு. ஆனால் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட அதே நிருபம், பெண் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் வழக்கமான செயலாக ஏற்றுக்கொண்டு, தலையை மூடுவதைப் பற்றியே விவாதிக்கின்றது. பெண் போதிக்கலாகாது என்னும் தீமோத்தேயு நிருபம் பவுலின் எழுத்தன்று என்பதே இன்றைய ஆய்வாளருட் பெரும்பாலோரின் கருத்து.

எஞ்சுவது ஒரு வாதம். கிறிஸ்து தெரிந்த பன்னிருவரும் ஆண்கள். ஆதலின் பெண்ணுக்குக் குருத்துவம் வழங்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 1994 இல் திட்டமாக அறிவித்தது. அப்பன்னிருவரும் யூதர்களுமன்றோ? அதைக் காட்டி ஒரு தமிழனுக்குப் பீடம் மறுக்கப்படவில்லை. 1912 இல் அசரியா தோர்ணக்கல்லின் ஆங்கிலிக்கன் பேராயரானார். 1950 இல் எமிலியானுஸ்பிள்ளை யாழ்ப்பாணத்தின் ஆயரானார். இனம் தடையாகாத இடத்தில் பால் மட்டும் தடையாவது ஏன்?

இனி, இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று என்பதற்கு வன்னி மண்ணே சான்று. திருக்குடும்பக் கன்னியர் 1862 இல் யாழ்ப்பாணம் வந்தனர். அக்காலந்தொட்டு வட பகுதியின் பள்ளிகளிலும் அநாதை இல்லங்களிலும் பல சபைகளின் கன்னியர் உழைத்து வந்துள்ளனர். 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை மக்கள் துரத்தப்பட்டபோது, குருமாரோடு கன்னியர் சிலரும் அம்மக்களை விட்டுப் பிரியாது நடந்தனர். பதுங்குகுழிகளில் அவர்களோடு ஒடுங்கினர். எனினும், சாகும் ஒருவரின் கையைப் பிடித்திருக்கும் கன்னி, அவருக்கு நோயில் பூசுதலோ பாவமன்னிப்போ வழங்க முடியாது. சபைச் சட்டப்படி அதற்கு ஒரு குரு வரவேண்டும். எறிகணை விழும் இடத்தில் இருக்கத் தகுதியுள்ளவள், இறுதி ஆறுதலைச் சொல்லத் தகுதியற்றவளா? இதற்கு நேர்மையான விடை என்ன?

இங்கே மற்றொரு செய்தியையும் நாம் நோக்க வேண்டும். உயிர்ப்பின் முதற் சாட்சிகள் பெண்கள். அவர்கள் சொன்னதைச் சீடர்கள் வீண்பேச்சென்று தள்ளினார்கள் என லூக்கா எழுதுகிறார். 2010 செப்டெம்பரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தபோது, கணவரையும் பிள்ளைகளையும் படையினரிடம் கையளித்த பெண்கள் கண்டதைக் கண்டபடி உரைத்தார்கள். விடை வரவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர். குருமார் சிலர் அவர்களுக்குத் துணைநின்றதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெண்ணின் சொல்லுக்குப் பீடத்தில் இடமில்லை என்று ஞாயிறுதோறும் கண்ணால் கற்கும் சமூகம், ஆணைக்குழுவின் முன்னும் அவள் சொல்லின் எடையைக் குறைத்தே நிறுக்கும்.

மாற்றம் நிகழாமல் இல்லை. யாழ்ப்பாணத்திலும் ஆதீனமுடைய தென்னிந்தியத் திருச்சபை 1976 இல் முதற் பெண் குருவை அபிஷேகம் செய்தது. 2013 இல் புஷ்பலலிதா என்ற பெண்மணியைப் பேராயராக்கியது. இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபை 2006 இல் பெண்களுக்குக் குருத்துவம் அளித்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் 2016 இல் மகதலேனா மரியாளின் நாளை அப்போஸ்தலர் நாட்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது. விழா உயர்ந்தது, மரியாளின் பெண்மக்கள் நிற்குமிடம் உயரவில்லை.

ஆயினும் சில பெண்களுக்கு அங்கி அணிவிப்பதோடு சமத்துவம் பிறந்துவிடாது. கோயில் முற்றத்தைக் கூட்டுபவளும் விருந்துக்குச் சமைப்பவளும் பழைய இடத்திலேயே இருப்பார்களாயின், பீடத்தின் ஆள் மாறியதேயன்றி முறை மாறவில்லை. பெண் பீடத்துக்கு வருவதோடு ஆண் பந்திக்கும் வரவேண்டும். உங்களில் தலைவன் பணிவிடை செய்பவனாய் இருக்கட்டும் என்ற கருத்தைக் கிறிஸ்து இறுதி இரவுணவின்போது சொன்னதாக அவர்களது மறையே கூறுகின்றது. அந்த அளவையால் அளந்தால், வன்னியின் சபைகளுக்குத் தலைமை தாங்கிய பெண்கள் முன்னரே இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாக எதையும் தானம் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் செய்துவந்த பணிக்குரிய பெயரையும் சொல்லையும் அவர்களிடம் திருப்பித் தரவேண்டும். அதைக் கேட்பது இரப்பன்று, உரிமை.