ஸமுரா (ரலி) கேட்ட வாய்ப்பு

பெற்றோர்களே! "உனக்கு இதெல்லாம் வராது, பேசாமல் உட்கார்" என்று பிள்ளையிடம் சொல்லுமுன், உஹதுக்குப் புறப்பட்ட நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்கள் படையைப் பார்வையிட்டு, வயது குறைந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுள் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி), ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) இருவரும் இருந்தார்கள். இருவருக்கும் வயது 15. ராஃபிஉ நன்றாக அம்பு எய்வார் என்று எடுத்துச் சொல்லப்படவே, அவருக்கு அனுமதி கிடைத்தது. ஸமுராவுக்குப் பொறுக்கவில்லை. ராஃபிஉவை மல்யுத்தத்தில் தம்மால் வீழ்த்த முடியுமே என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. இருவரையும் மோதிப் பார்க்கச் சொன்னார்கள். ஸமுரா வென்றார்கள். அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

போர்க்களம் அந்தக் காலத்துக்குரியது. நமக்குரிய பாடம் அந்த மல்யுத்தத்தில் இருக்கிறது. "என்னால் முடியும்" என்பது அங்கே வெறும் வீறாப்பு அல்ல; ஓடியாடிப் பழகிய உடம்பு சொன்ன சொல்.

மேலப்பாளையமானாலும் பேட்டையானாலும், இன்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன். உலகமெங்கும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுள்ளோரில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்பிள்ளைகளில் 85. நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உழைப்பைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்பவர்கள், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூதில் பார்த்துக்கொள்ளட்டும்.

நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்தில் நஸாயீ இமாம் ஒரு ஹதீஸைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! "ஆத்துப் பக்கம் போகாதே" என்று உம்மா தடுப்பது பாசத்தால்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் தடுக்கப்பட்ட பிள்ளை ஒருநாள் கூட்டாளிகளோடு சொல்லாமல் போவான். ஆபத்து அங்கேதான்.

ஆகவே, நீர் குறைந்த நாளில், ஆழம் தெரிந்த படித்துறையில், நன்றாக நீந்தத் தெரிந்த வாப்பாவோ மாமாவோ கூடவே இறங்கிக் கற்றுக்கொடுங்கள். முதல் நாள் கையை விட்டால் அலறுவான். சில வாரத்தில், "விடுங்க வாப்பா, நானே வாறேன்" என்பான். ஞாயிறு ஸுபுஹு தொழுததும் புறப்பட்டால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். முட்டுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை போதும்.